எதிர் வீட்டுப் பசி

எங்கள் தெருவில் வேலை நின்றுபோன செய்தியை முதலில் சொன்னவை சாயக்காரரின் கைகள்தான். பட்டு நூலைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தே பிழைத்தவர் அவர். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். இந்த மாதம் அரக்கு அதிகம் போகிறது, அடுத்த மாதம் மயில் கழுத்து என்று எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் அவர் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம் அந்தக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மாதக் கடைசியில் மற்றவர்களின் கைகளைப் போலவே ஆகிவிட்டன. பழக்கமில்லாத அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கக்கத்தில் செருகிக்கொண்டு அவர் தெருவில் நடந்தார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. ஐயம்பேட்டையிலிருந்து வந்தவள் நான். வீட்டில் என் கணவர், அவருடைய அம்மா, நான், நடு வீட்டில் ஒரு தறி. அந்தத் தறியில் நெய்வதற்குப் பாவு நூல் இல்லை. கோறா என்கிற கச்சாப் பட்டு நூல் விலை ஏறிவிட்டது, சரிகை வரவில்லை, அடுத்த வாரம் பாவு தருகிறோம் என்று முதலாளி வீட்டில் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் நாங்கள் நெருங்க நெருங்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போயிற்று. என் கணவர் தினமும் காலையில் வெறும் தறிக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தார். தலைக்கு எண்ணெய் இல்லாத வீட்டில் தறி மட்டும் பளபளவென்று இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டினி என்று யாரும் சொல்லவில்லை. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடவே இல்லை. கேழ்வரகுக் கூழைக் காய்ச்சிவிட்டு, இது உடம்புக்குக் குளிர்ச்சி என்றார். மறுநாள் அதையே இன்னும் நீர்க்கக் காய்ச்சிவிட்டு, இது இன்னும் குளிர்ச்சி என்றார். மார்கழிக் குளிரில் எங்களுக்கு எதற்கு இவ்வளவு குளிர்ச்சி என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பகல் பன்னிரண்டு மணி ஆனால் அத்தை அடுப்பில் கரண்டியை வைத்து, அரைத் துளி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிப்பார். அதைக் கொட்டுவதற்குக் குழம்பு எதுவும் இருக்காது. வாசனை வாசல் வழியாக எதிர் வீடு வரைக்கும் போக வேண்டும், அவ்வளவுதான். எதிர் வீட்டில் அத்தையின் வயதில் ஒரு மாமியார் இருந்தார். கோலத்தில் தொடங்கி வற்றல் காயவைப்பது வரை இருவருக்கும் இருபது வருஷப் போட்டி. அத்தை தாளித்து முடித்த ஐந்தாவது நிமிஷம் அங்கிருந்து பெருங்காய வாசனை வரும். அத்தை மூக்கை உறிஞ்சிவிட்டு, பெருங்காயம் பழசு என்பார்.

எதிர் வீட்டு மருமகளை நான் அக்கா என்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் சிரிப்பு வந்தால் தமிழும் வரும். எங்கள் மாமியார்களுக்குத் தெரியாமல் எங்களுக்குள் நல்ல சிநேகம். அந்தச் சிநேகத்திலும் பசியைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்பாள், ஆச்சு என்பேன். நான் கேட்பேன், அவளும் ஆச்சு என்பாள்.

அந்த மார்கழியில் எங்கள் தெருவில் பக்தி பெருகியது. விடியற்காலையில் எழுந்தே பழக்கமில்லாத ஆண்கள் குளித்து நீறு பூசிக் கோயிலில் முதல் வரிசையில் நின்றார்கள். பூசை முடிந்ததும் பொங்கல் கொடுப்பார்கள். சாமி கொடுப்பதை வாங்குவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. குருக்கள் பெருகி வரும் கூட்டத்தைப் பார்த்து முதலில் பூரித்தார், பிறகு கரண்டியை மாற்றிச் சின்னக் கரண்டியாக எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சாயக்காரருக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஊரின் வேறொரு பக்கத்தில் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். அங்கே நெசவாளிகள் தூக்குப் பாத்திரத்தோடு வெயிலில் நிற்பதையும், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பதையும் அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். நம் தெருவில் யாரும் அப்படி நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பால் பவுடர் வந்த பெரிய டிரம் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார். தெருக்கோடியில் இருந்த பஜனைக் கூடத்தின் மூலையில் அதை நிறுத்தி, முன்னால் ஒரு கயிறு கட்டி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டார்.

பிறகு கூடத்து வாசலில் நின்று ஒரு பிரசங்கம் செய்தார். சாயம் போடும்போது பேசக் கூடாது, ஆவி மூக்கில் ஏறும் என்பதால் பல வருஷங்களாக அவருக்குள் சேர்ந்திருந்த பேச்சு எல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. சுருக்கமாக விஷயம் இதுதான். இருக்கிற வீட்டுக்காரர்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை டிரம்மில் போட வேண்டும். இல்லாத வீட்டுக்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஜமக்காளத்துக்குப் பின்னால் போகிறவர் போடுகிறாரா எடுக்கிறாரா என்று யாரும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. தெரு முழுக்கத் தலையாட்டியது. நல்ல ஏற்பாடு, பாவம் இல்லாதவர்களுக்கு உதவும் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பரண்மேல் இருந்த பானையை இறக்கினார். பொங்கலுக்கென்று எடுத்து வைத்த பச்சரிசி அதில் இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே அரிசி அது. ஒரு பிடி அள்ளி என் கையில் இருந்த கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டு ஒன்றைக் கவிழ்த்து, போய்ப் போட்டுவிட்டு வா என்றார்.

"நம்ம வூட்ல கூழுதான அத்தை குடிக்கிறோம்?" என்றேன்.

"அது நமக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியணுமா? நீ போம்மா."

போட்டுவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து இரண்டு பிடி ஆயிற்று. எதிர் வீட்டு அக்கா உள்ளே போனபோது அத்தை கூடத்து வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அரிசி விழுந்த சத்தம் ஒரு பிடிக்கு உரியதாக இல்லை, கூடுதலாக இருந்ததாம். அதற்கு மறுநாள் எதிர் வீட்டிலிருந்து மூன்று பிடிச் சத்தம் வந்தது. எங்கள் பொங்கல் பானை ஒரே வாரத்தில் அடி தெரிந்தது.

டிரம் முக்கால்வாசி நிறைந்தது. பச்சரிசியும் புழுங்கலரிசியும் ரேஷன் அரிசியும் நொய்யும் கலந்து, எங்கள் தெருவின் எல்லாப் பானைகளும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. சாயக்காரர் தினமும் ஜமக்காளத்தை விலக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். அடுத்து அவருக்கு ஒரு கவலை வந்தது. யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. வேலை நின்று ஒரு மாதம் ஆன தெருவில் ஒருவருக்குக்கூடவா பசிக்கவில்லை என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் ஆகாயத்தைப் பார்த்தார். அவர் காலையில் குடித்த கூழ் அதற்குள் எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கச் சாயக்காரர் டிரம்மின் உள்பக்கத்தில், அரிசி நிற்கும் மட்டத்தில், அரக்குச் சாயத்தால் ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் குழப்பம் ஆரம்பித்தது. தினமும் காலையில் முப்பது வீட்டுக்காரர்கள் மூடிய பாத்திரத்தோடு வந்தார்கள். உள்ளே போனார்கள். அரிசி கொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது. வெளியே வந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் அரிசி அந்தக் கோட்டிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஐந்து நாள் இப்படியே.

எலி என்று முடிவு செய்தார். எவ்வளவு போடுகிறார்களோ அவ்வளவை மட்டும் அளந்து தின்கிற எலி. எலிப்பொறி ஒன்று வாங்கி, அதில் தேங்காய்ச் சில்லு ஒன்றைக் குத்தி, டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பொறி மூடாமலே இருந்தது, தேங்காய்ச் சில்லு இல்லை. இது சாதாரண எலி இல்லை, படித்த எலி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். இன்னொரு சில்லு வைத்தார். அதுவும் போயிற்று. அந்த எலி யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது மூன்று மாதம், தேங்காய் என்றால் உயிர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பச்சரிசிப் பானை காலியான அன்று அத்தை என்னிடம் தட்டு மூடிய வெறும் கிண்ணத்தைக் கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. போகாமல் இருந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னார். போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரே எண்ணம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு கிண்ணம். யாருக்குத் தெரியப் போகிறது? ஜமக்காளத்துக்குப் பின்னால் போய் டிரம்முக்குள் கையை விட்டேன். அரிசி சில்லென்று விரல்களுக்கு நடுவே ஓடியது. ஒரு பிடி அள்ளினேன். கை கிண்ணத்துக்குப் போகவில்லை. வெளியே சாயக்காரர் நின்றிருந்தார். சத்தம் வராவிட்டால் என்ன நினைப்பார்? அள்ளிய பிடியை உயரத் தூக்கி டிரம்முக்குள்ளேயே விட்டேன். நல்ல சத்தம். இன்னொரு பிடி அள்ளி மறுபடியும் விட்டேன். இரண்டு பிடிச் சத்தம். வெறும் கிண்ணத்தை மூடிக்கொண்டு தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். ரொம்ப நல்லதும்மா என்றார் சாயக்காரர்.

இப்படி மூன்று நாள். நான்காவது நாள் நான் உள்ளே போனபோது ஜமக்காளத்துக்குப் பின்னால் ஏற்கெனவே எதிர் வீட்டு அக்கா இருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. அவளுடைய செம்பு தரையில் கவிழ்ந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவள் டிரம்மிலிருந்து அரிசியை அள்ளி உயரத்திலிருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பிடியை விடும்போது என்னைப் பார்த்துவிட்டாள். தெலுங்கில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்காது.

நான் என் கிண்ணத்தைத் திறந்து காட்டினேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள், தமிழில்.

"நாலு நாளா."

"நான் எட்டு நாளா பண்ணிக்கினு இருக்கிறேன். அப்ப மூணு பிடிச் சத்தம் கேட்டுதுன்னு உங்க மாமியார் சொன்னதெல்லாம் இதுதான்."

எங்கள் பச்சரிசிப் பானை காலியானது அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுத்தான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் ஜமக்காளத்தைப் பிடித்துக்கொண்டேன், கயிறு ஆடியது. இருவரும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். வெளியிலிருந்து சாயக்காரர், எலியா என்று கேட்டார். ஆமாம் அண்ணே, ரெண்டு என்றாள் அக்கா.

சிரிப்பு அடங்கியதும் அவளைப் பார்த்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. எனக்குத் தெரியாமல் எப்போது இப்படி ஆனாள் என்று நினைத்தேன். அவளும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பாள். முழுகாம இருக்கிறியா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"அறிவு இருக்குதா உனக்கு? எடுத்துக்கறதுதான?"

"நீங்க எடுத்துக்கல?"

"எனக்கு எடுத்துக்க கை வர மாட்டேங்குது," என்றாள். சொல்லிவிட்டு என் கிண்ணத்தைப் பிடுங்கி, டிரம்மில் முக்கி, கோபுரமாக அள்ளி என்னிடம் நீட்டினாள். "உனக்குன்னா எடுக்க வருது பாரு."

அவள் சொன்னது உண்மைதான். எனக்கும் அப்படியே வந்தது. தரையில் கிடந்த செம்பை எடுத்து விளிம்பு வரை நிரப்பி அவளிடம் கொடுத்தேன், கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை. ஆனால் அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போக முடியாது என்று இருவருக்குமே தெரிந்தது. அதனால் அவளுடைய செம்பை நான் எடுத்துக்கொண்டு பின் சந்து வழியாக அவள் வீட்டுப் புழக்கடைக்குப் போனேன். என் கிண்ணத்தோடு அவள் எங்கள் புழக்கடைக்குப் போனாள்.

அத்தை என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எதிர் வூட்டுப் பொண்ணு அரிசி கொணாந்து குடுத்துது," என்றார். "குடுக்கணும்னு அதுக்கு ஆசை. வேணாம்னா மனசு கஷ்டப்படும். அதனால வாங்கி வெச்சேன்."

எதிர் வீட்டிலும் ஏறக்குறைய இதே சொற்களை அந்த மாமியார் சொன்னதாக அக்கா பிறகு சொன்னாள். அன்றைக்கு நாங்கள் சோறு சாப்பிட்டோம். பச்சரிசி பாதி குழைந்தும் புழுங்கலரிசி பாதி வேகாமலும் இருந்த அந்தச் சோற்றைப் போல ருசியாக நான் சாப்பிட்டதில்லை. என் கணவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் அக்காவும் நானும் சாயக்காரரிடம் போனோம். யார் என்ன செய்தார்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. அவங்கவங்களுக்கு எடுத்துக்கச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் அண்ணே, எதிர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லுங்கள் என்றோம். அப்ப அந்த எலி, என்றார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர் வீட்டம்மாவும் தினமும் மூடிய பாத்திரத்தோடு வந்துகொண்டுதான் இருந்தார்.

அன்று சாயங்காலம் அது அவருடைய சொந்த யோசனையாகவே அறிவிக்கப்பட்டது. யாரும் தன் வீட்டுக்கு எடுக்கக் கூடாது, எதிர் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும், எதிர் வீட்டில் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள் என்றார். எதிர் வீட்டில் கஷ்டம் என்றால் நம்புவதற்கு எங்கள் தெருவில் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் காலையில் தெருவே பாத்திரத்தோடு புறப்பட்டது. மூன்றே நாளில் டிரம் காலி. சாயக்காரர் போட்ட அரக்குக் கோடு மேலே நிற்க, அடியில் கொஞ்சம் தவிடும் ஒரு வண்டும் இருந்தன.

இப்போதுதான் உண்மையான கவலை வந்தது. இத்தனை நாள் எங்கள் வெட்கம் காப்பாற்றி வைத்த அரிசி அது, ஒரு பிடிகூட மிச்சமில்லை. போடுவதற்கும் யாரிடமும் இல்லை. என் கணவருக்குப் பக்கத்துக் கிராமமான கூரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தைத் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் புடவை எங்கள் தறியில் நெய்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று அவரும் சாயக்காரரும் ஒரே சைக்கிளில் கிளம்பினார்கள். போகும்போது மிதித்தது என் கணவர், வரும்போதும் மிதித்தது என் கணவர். சாயக்காரர் பின்னால் உட்கார்ந்து பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்தாராம்.

அங்கே நடந்ததை என் கணவர் வந்து சொன்னார். அந்த வீட்டம்மா களத்து மேட்டில் நின்றிருந்தார். சாயக்காரர் உலகத்தில் பட்டு தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார். சரிகைக்கு வரும்போது அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சாப்பாட்டுக்கு இல்ல, அதான?"

ஆமாம் என்றார் என் கணவர். சாயக்காரர் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை.

"நெல்லு அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் ஆவும்பா. வூட்ல இருக்கறது எங்க ஆளுங்களுக்கே பத்தாது. கேவுரு ரெண்டு மூட்ட இருக்குது. பரங்கி கெடக்குது பாரு, மாடுகூட தின்னு சலிச்சிப்போச்சி. வண்டி கட்டச் சொல்றேன், ஏத்திக்கினு போங்க."

அறுப்பு முடிந்ததும் அரிசியும் தருவதாகச் சொன்னாராம். இதற்குப் பதில் என்ன செய்வது என்று என் கணவர் கேட்டதற்கு, பொண்ணு புடவை இன்னும் சாயம் போகவில்லை, அது போதும் என்றிருக்கிறார். அந்தச் சாயம் போட்டவர் தான்தான் என்று சாயக்காரர் சொல்ல நினைத்து, சொல்லாமலே வந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்த ஒரே சமயம் அதுதான் என்றார் என் கணவர்.

மறுநாள் பகலில் மாட்டு வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. வண்டி நிறையப் பரங்கிக்காய். ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவுக்கு இருந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. அரிசி என்றால் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடலாம். பரங்கிக்காயை எதைக் கொண்டு மூடுவது? ஜமக்காளத்துக்குப் பின்னால் அதை எடுத்துக்கொண்டு போனாலும் வயிற்றில் கட்டிக்கொண்டு வருவதா என்று அக்கா என் காதில் கேட்டாள்.

கடைசியில் சாயக்காரர்தான் நம்ம சட்டம் நினைவிருக்கட்டும், எதிர் வீட்டுக்கு எடுத்துக் கொடுங்கள் என்றார். வழி கிடைத்துவிட்டது. தெற்கு வரிசைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வடக்கு வரிசைக்கு நடந்தார்கள். வடக்கு வரிசைக்காரர்கள் தெற்குக்கு நடந்தார்கள். நடுத் தெருவில் பரங்கிக்காயும் பரங்கிக்காயும் சந்தித்துக்கொண்டன. தூக்கின கையால் வழி விட முடியாமல் ஆளாளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்தார்கள். வண்டிக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதுபோல் பார்த்தார்.

அத்தையும் எதிர் வீட்டு மாமியாரும் சரியாக நடுவில் சந்தித்தார்கள். இருவர் கையிலும் பரங்கிக்காய். இருவரும் முதலில் பார்த்தது மற்றவர் கையில் இருப்பதன் அளவை.

"எங்களுக்கு இவ்ளோ சின்னதா?" என்றார் அத்தை.

எதிர் வீட்டு மாமியார், பெரியதாகக் கொடுத்தால் சமைக்கத் தெரிய வேண்டும் அல்லவா என்றார். அத்தை தன்னுடையதைச் சற்று உயர்த்திக் காட்டினார், தான் கொடுப்பது எவ்வளவு பெரியது என்று தெருவுக்குத் தெரியட்டும் என்பதற்காக. ஒரு மாதத்துக்கும் மேல் பசித்திருந்த கை அது. நழுவிவிட்டது. பரங்கிக்காய் கல் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்து, விதையும் நாருமாகத் தெருவில் பரவியது. அந்தப் பிளந்த மஞ்சளின் வாசனை மேலே எழும்பியது.

அத்தை கீழே பார்த்தபடியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன். எதிர் வீட்டு மாமியார் தன் பரங்கிக்காயை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு பாதியை எடுத்தார், மண்ணைத் தட்டினார்.

"வூட்ல ஒண்ணுமில்லடி எனக்கு," என்றார் அத்தையிடம், மெல்ல. "ஒரு மாசமா தாளிச்சி தாளிச்சி காட்டிக்கினு இருக்கிறேன்."

"பெருங்காயம் பழசு," என்றார் அத்தை.

அவ்வளவுதான், இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு தெரு சிரித்தது. பிளந்த காயை வைத்திருக்க முடியாது, இப்போதே ஆக்க வேண்டும் என்றார் எதிர் வீட்டு மாமியார். தனித்தனி அடுப்புக்கு விறகு யாரிடம் இருக்கிறது என்றார் அத்தை. பஜனைக் கூடத்தில் இருந்த பெரிய அண்டாவை நாலு பேர் வெளியே தூக்கி வந்தார்கள். உடைந்த தறிக்கட்டை, பழைய பெட்டி, தென்னை மட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ஒருவர் வீட்டில் உப்பு இருந்தது, ஒருவர் வீட்டில் நாலு மிளகாய், எங்கள் வீட்டில் கடுகு நிறைய இருந்தது. கேழ்வரகுக் களியும் பரங்கிக்காய்க் கூட்டும் ஆயிற்று. ஜமக்காளத்தைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தரையில் விரித்து, எல்லோரும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். யாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை.

அடுத்த ஒரு மாதத்துக்கும் மேல் அந்த அடுப்பு எரிந்தது. அத்தையும் எதிர் வீட்டு மாமியாரும் அதன் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து உப்பு விஷயத்தில் தினமும் சண்டை போட்டார்கள். பரங்கிக்காயில் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். கூட்டு, குழம்பு, பொரியல், தோலில் துவையல், விதையை வறுத்து நொறுக்குத் தீனி. ஒரு நாள் அத்தை அதில் பாயசம் என்று ஒன்று செய்தார். சாயக்காரர் அதைக் குடித்துவிட்டு, நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். என் பிறந்த வீட்டிலிருந்து அப்பா ஐயம்பேட்டை முருங்கைக் கீரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். பொங்கலுக்குப் பிறகு கூரத்து அம்மா சொன்னபடி அரிசி மூட்டை வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மூடிய பாத்திரத்தோடு எங்கள் கூடத்துக்கு வெளியே தயங்கி நின்றபோது, எதிர் வீட்டு மாமியார் அந்தப் பாத்திரத்தின் மூடியைத் தானே எடுத்துவிட்டு, காலியாக இருப்பதைப் பார்த்து, உள்ளே வாங்க என்றார்.

மாசி மாதம் சரிகை வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பாவு வர ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கூடத்து அடுப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு விறகு பொறுக்க ஏது நேரம்? எங்களைப் போல மிச்சம் இருந்த ஏழெட்டு வீடுகள் மறுபடி கூழுக்குப் போய்விடுவோமோ என்று எனக்குப் பயம்.

அந்த இரண்டு வாரமும் அக்கா தினமும் வந்தாள். புழக்கடை வழியாக இல்லை, நட்ட நடுத் தெருவில், திறந்த முறத்தில் அரிசியும் மேலே இரண்டு கத்திரிக்காயுமாக வந்தாள். மற்ற வீடுகளுக்கும் அவரவர் எதிர் வீட்டிலிருந்து அப்படியே போயிற்று. எங்கள் அத்தை வாசலில் நின்று அதை வாங்கினார். அவளுக்குக் கொடுக்க ஆசை என்றெல்லாம் இப்போது சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்குது, உன் மாமியார்க்குக் கண்ணு தெரியலியா என்று கேட்டு வாங்கினார். எதிர் வீட்டு வாசலிலிருந்து அதற்குப் பதில் உடனே வந்தது, தெலுங்கில்.

எங்கள் தறியில் பாவு ஏறிய அன்று காலையும் அக்கா முறத்தோடு வந்தாள். என் கணவர் தறிக் குழியில் இறங்கி இழை பிணைத்துக்கொண்டிருந்தார். அத்தை அவளை வாசலிலேயே நிறுத்தி, எங்களுக்கும் வேலை வந்துவிட்டது, இனி வேண்டாம்மா என்றார். அக்காவின் முகம் வாடிவிட்டது. முறத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஆக்கி வெச்சிருக்குதா வூட்ல?" என்று கேட்டாள்.

அத்தை பொய் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு முறத்தை வாங்கிக்கொண்டார். கூலி வரும் வரைக்கும் கொண்டுவா என்றார்.